ஏகம்பர் கழுவாத சங்கு

கதை கேட்க உட்கார்ந்தவர்கள் ஊம் கொட்ட மறக்கக் கூடாது. மறந்தால் கதை கோபித்துக்கொண்டு பாதி வழியில் படுத்துவிடும், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள். சம்மதமா? சரி, கேளுங்கள்.

நம் பாட்டனுக்குப் பாட்டனும் பிறக்காத காலத்தில் வெண்குன்றம் என்றொரு நகரம் இருந்தது. அதை வில்லவராயன் என்ற அரசன் ஆண்டான். அவனுக்கு யானை இருந்தது, தேர் இருந்தது, கோட்டை இருந்தது. ஆனால் வெளியூர் அரசர்கள் வந்தால் அவன் இவற்றில் எதையும் காட்டிப் பெருமை பேசமாட்டான். "எங்கள் ஊரில் ஏகம்பர் இருக்கிறார்" என்பான். அதிலேயே வந்தவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

ஏகம்பர் அரண்மனை வைத்தியர். அவர் அந்தப் பேரை எப்படி வாங்கினார் தெரியுமா? அவர் இளைஞராக இருந்தபோது, மழைக்காலம் வந்தாலே வெண்குன்றத்தில் குளிர்காய்ச்சல் வரும். மலைமேல் இருக்கும் தெய்வத்துக்குக் கோபம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். விளக்கேற்றினார்கள், பொங்கல் வைத்தார்கள், விழுந்து கும்பிட்டார்கள். காய்ச்சல் போகவில்லை.

"தெய்வத்தின் மேல் பழி போடாதீர்கள்" என்றார் ஏகம்பர். "ஊருக்குத் தெற்கே சதுப்பு அழுகிக் கிடக்கிறது. அங்கிருந்து வீசும் கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது."

சிலர் சிரித்தார்கள். சிலர் ஏசினார்கள். அப்போது ஆட்சியில் இருந்தவர் வில்லவராயனின் தந்தை. அவர் மட்டும் காது கொடுத்துக் கேட்டார். வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடிய வைத்தார். அடுத்த மழைக்குக் காய்ச்சல் வரவில்லை. காற்றா, சதுப்பில் முட்டையிட்ட கொசுவா என்று இன்று நாம் எளிதாகக் கேட்டுவிடுவோம். அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? காரணம் முழுதாகத் தெரியாமலே அந்த மனிதர் ஓர் ஊரைக் காப்பாற்றினார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

மகிழ்ந்துபோன பெரிய அரசர் ஏகம்பருக்கு ஒரு சங்கு பரிசளித்தார். பச்சைக் குழந்தைக்கு மருந்து புகட்டுவோமே, அந்த மாதிரிச் சங்கு. அதைவிடக் கொஞ்சம் பெரியது, விளிம்பில் வெள்ளி கட்டியது. அன்று முதல் ஏகம்பர் குழந்தையானாலும் கிழவரானாலும் அந்தச் சங்கில்தான் மருந்து புகட்டினார். நோயாளியின் உதட்டில் சங்கை வைத்து ஊற்றுவார். பிறகு பட்டுத் துணியால் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். தண்ணீரில் மட்டும் கழுவமாட்டார்.

"கழுவினால் சங்கில் ஊறிய மருந்தின் வீரியம் போய்விடும்" என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். அவ்வளவுதான், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊர் வைத்தியர்களும் அதேபோல் சங்கு செய்தார்கள், அதேபோல் பட்டில் துடைத்தார்கள், அதேபோல் கழுவாமல் வைத்திருந்தார்கள்.

ஆண்டுகள் ஓடின. பெரிய அரசர் போய் மகன் பட்டத்துக்கு வந்தான். ஏகம்பரின் தாடி வெளுத்தது. அப்போது ஒரு கோடையில் தொண்டை நோய் வந்தது.

பொல்லாத நோய் அது. குழந்தையின் தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல்போல் ஒன்று படரும். மூச்சு அடைக்கும். தாய்மார் மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. ஏகம்பர் சாப்பாட்டை மறந்தார், தூக்கத்தை மறந்தார், தன் வயதையும் மறந்து வீடு வீடாக ஓடினார். சில குழந்தைகள் பிழைத்தன. பல குழந்தைகள் பிழைக்கவில்லை. எண்ணெய் ஆட்டும் தெருவில் உமையாள் என்பவளின் மூத்த மகன் போய்விட்டான். அவளுக்கு மிஞ்சியது ஒரு சின்னப் பெண் மட்டும்.

துக்கம் வந்தால் மனிதர்களுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டும். வெண்குன்றத்தாருக்கு ஆள் கிடைத்தது. ஒவ்வொரு கோடையிலும் உப்பு வணிகர்கள் மாட்டு வண்டிகளோடு வந்து வடக்கு வாசலுக்கு வெளியே தங்குவார்கள். "அவர்கள் வந்தார்கள், நோயும் வந்தது" என்றது ஊர்.

அரசன் சபை கூட்டினான். நோயைக் கொண்டுவந்தவர்களின் வண்டிகளைக் கொளுத்தி, அவர்களை மேற்கே இருக்கும் வறண்ட காட்டுக்குத் துரத்துவதென்று முடிவாயிற்று. அந்தக் காட்டில் கோடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கைக்குழந்தைகளோடு போனவர்கள் திரும்பமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நீங்கள் ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றான் அரசன், ஏகம்பரைப் பார்த்து.

"பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார் ஏகம்பர்.

மறுநாள் காலையில் அவர் கோயிலுக்குப் போனார். தெய்வக் கோபமாக இருக்குமோ என்று, தான் ஒரு காலத்தில் மறுத்ததையும் மறுபடி கேட்டுப் பார்த்தார். தினமும் விளக்கேற்றும் வீட்டிலும் நோய் இருந்தது, கோயில் பக்கமே வராத வீட்டிலும் நோய் இருந்தது. கோபம் இப்படி ஆள் பார்க்காமல் வராது என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு தெற்கே போனார். பழைய சதுப்பில் இப்போது பருத்தி விளைந்து நின்றது. மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார். கெட்ட வாடை இல்லை. அதோடு, தெற்குக் காற்றே எட்டாத வடக்குத் தெருக்களில்தான் சாவு அதிகம். தன்னை ஏகம்பராக்கிய அந்தக் காற்றை அவரே கைவிட வேண்டியிருந்தது. வயல் வரப்பில் வெகுநேரம் நின்றார். மனசு கேட்கவில்லை. ஆனாலும் கைவிட்டார்.

கடைசியாக உப்பு வணிகர்களின் வண்டிகளைத் தேடிப் போனார். அங்கே குழந்தைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு விளையாடின. ஒரு குழந்தைக்கும் இருமல்கூட இல்லை. அந்தக் கூட்டத்துக்குத் தலைவியான கொற்றி எழுந்து வந்தாள்.

"வாங்க வைத்தியரே. எங்க வண்டிய எரிக்க நெருப்பையும் கையோட கொண்டாந்தீங்களா?"

"இல்லை தாயே. உங்க பிள்ளைங்க யாருக்காவது தொண்டை வலி உண்டா?"

"இருந்தா மட்டும் என்ன பண்ணப் போறீங்க? இத்தனை வருசமா வர்றோம். உள்ள இருக்கிறவங்க வீட்டுக்கெல்லாம் போற உங்க சங்கு, எங்க வாசல் பக்கம் ஒரு நாளாவது வந்திருக்கா?"

அவள் மனத்தாங்கலில் கேட்டாள். ஏகம்பரோ தான் போன வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். நோய் புகுந்த வீடெல்லாம் எவை? சங்கு போன வீடுகள். நோய் புகாத இடம் எது? சங்கு போகாத இடம்.

அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நடுவில் சங்கின் வெள்ளி விளிம்பு கழன்று, அதைத் தட்டாரிடம் கொடுத்திருந்தார். அந்த நாட்களில் பலா இலையைக் குவித்து மருந்து புகட்டினார். இலையை அந்தந்த வீட்டிலேயே எறிந்துவிட்டார். அப்போது புதிதாக ஒரு வீட்டிலும் நோய் விழவில்லை. சங்கு திரும்பி வந்தது, நோயும் திரும்பி வந்தது.

நம்ப முடியாமல் அவர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். கடைசியில் உமையாள் வீட்டு வாசலில் நின்றார். அவள் மகனுக்கு முதலில் தொண்டை நோயே இல்லை. வெறும் வயிற்று வலி. தொண்டை அடைத்துக் கிடந்த ஒரு குழந்தைக்குப் புகட்டிவிட்டு, நேரே வந்து அந்தப் பையனுக்கு ஓம நீர் கொடுத்தவர் ஏகம்பர்தான். அவர் உள்ளே போகவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டார்.

அன்று மாலை அரசனைத் தனியே பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். அரசன் திகைத்துப் போனான். ஆனால் அவன் கெட்டிக்காரன், உடனே ஒரு வழியும் கண்டுபிடித்தான்.

"சங்கைப் பேசாமல் பெட்டியில் பூட்டிவிடுங்கள். நோய் தானே நின்றுவிடும். உப்பு வணிகர்களையும் சாந்தமாக அனுப்பிவிடுகிறேன். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். உங்கள் பேர் என்னாவது?"

"என் பேரைக் காப்பாற்றினால், நோய் கொண்டுவந்தவர்கள் என்ற பேர் அவர்கள் தலையில் நிற்கும், அரசே. அடுத்த ஊரில் அவர்களைக் கொளுத்துவார்கள்."

"என் தந்தை கொடுத்த பரிசு அது. அவர் பேர் என்னாவது?"

"உங்கள் தந்தை என் பேச்சைக் கேட்டதற்காகத்தான் ஊர் அவரைப் புகழ்கிறது. நீங்களும் கேளுங்கள்."

"நோயைக் கொண்டுவந்தவருக்கு என்ன தண்டனை என்று சபையில் முடிவாகிவிட்டதே! உங்கள் உயிர் என்னாவது?"

பயம் ஏகம்பருக்கும் இருந்தது, பொய் எதற்கு? ஆனாலும் சொன்னார்: "என்னைப் பார்த்துச் சங்கு செய்தவர்கள் பத்து ஊரில் இருக்கிறார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் அவர்கள் நாளைக்கும் புகட்டுவார்கள்."

விடிந்ததும் ஊரே சபையில் கூடியது. உப்பு வணிகர்களை ஒரு பக்கம் நிறுத்தியிருந்தார்கள். கொற்றி தன் குழந்தையை இடுப்பில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஏகம்பர் நடுவில் வந்து நின்று, எதையும் மூடி மறைக்காமல், எதையும் சுற்றி வளைக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இந்த நோய் இவர்களோடு வரவில்லை. என் சங்கோடு வந்தது. ஒரு குழந்தையின் வாயிலிருந்து இன்னொரு குழந்தையின் வாய்க்கு நானே கொண்டுபோனேன். கழுவக் கூடாது என்று சொன்னவனும் நான்தான். சங்கில் அப்படி என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்கு அது படவில்லை. பின்னால் வருபவர் யாராவது கண்டுபிடித்து, நான் இப்போது சொல்வதிலும் பிழை உண்டு என்றால், அவர் பேச்சையும் கேளுங்கள். அதுவரை ஒவ்வொரு வாய்க்கும் ஓர் இலை. புகட்டியதும் அதை நெருப்பில் போடுங்கள். வைத்தியர் கொதித்து ஆறிய நீரில் கையைக் கழுவிவிட்டு வரட்டும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உமையாள் முன்னால் வந்தாள். சின்ன மகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என் மகனுக்கு வயித்து வலிதான?"

"ஆமாம் தாயே."

"அப்ப அவன..."

"ஆமாம் தாயே. நான்தான்."

உமையாள் அவர் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். அவர் அசையவில்லை. காவலர்கள் ஓடி வர, அரசன் கையைக் காட்டி நிறுத்தினான். அவள் அழுது ஓயும் வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பிறகு அரசன் கேட்டான்: "அம்மா, நோயைக் கொண்டுவந்தவரை என்ன செய்வதென்று முந்தாநாள் நாங்கள் முடிவு செய்தோம். இன்று எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் நீ. நீயே சொல்."

உமையாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உப்பு வணிகர்களைப் பார்த்தாள். கொற்றியின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். கடைசியாக ஏகம்பரைப் பார்த்தாள்.

"இவர் சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இந்தச் சனங்கள ஏசிக்கிட்டே செத்திருப்பேன். இவர என்னால மன்னிக்க முடியல, அரசே. ஆனா நாளைக்கு என் மகளுக்கு ஒண்ணுன்னா, இவர் வந்துதான் பாக்கணும். வேற யாரையும் நான் வாசல் ஏத்தமாட்டேன்."

அதற்கு மேல் யார் என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்? வண்டிகள் எரியவில்லை. பத்து ஊர்களுக்கும் குதிரையில் ஆள் போனது. ஏகம்பர் கையைக் கழுவிக்கொண்டு, இலைகளைத் தூக்கிக்கொண்டு, நோய் இருந்த வீடுகளுக்குப் புறப்பட்டுப் போனார். அந்தக் கோடை முடிவதற்குள் வெண்குன்றத்துக் குழந்தைகள் மறுபடி தெருவில் கத்த ஆரம்பித்தன.

ஆகவே, கேட்டவர்களே, ஊம் கொட்டியது போதும், இதை மட்டும் மனதில் வையுங்கள்: தான் நம்பியது தவறு என்று கண்டதும் அதைத் தன் வாயாலேயே ஊரறியச் சொல்பவரே மெய்யான அறிவாளி.