செம்பியனைப் பிடித்த ஆறு கைகள்

முன்னொரு காலத்தில், மழை சொன்ன பேச்சைக் கேட்ட காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன், செம்புநாடு என்றொரு நாடு இருந்தது. அதன் இளவரசன் செம்பியனுக்கு உடம்பெல்லாம் செம்பு ரத்தம். சொந்த நிறம் என்று அவனுக்கு எதுவும் கிடையாது. யார் அவனைப் பிடித்து நிற்கிறார்களோ, அவர்களைப் பொறுத்துத்தான் நிறம். யாரும் பிடிக்காவிட்டால் வெளுத்துவிடுவான். பிறந்த நாள் முதல் நீர்க்கன்னியர் ஆறு பேர் சுற்றி நின்று பிடித்திருந்ததால் வெளிர்நீலமாக இருந்தான்.

அரண்மனையில் ஒரு சட்டம். இளவரசனை வலக்கையால் மட்டுமே தொடலாம். இடக்கை பட்டால் தீட்டாம். யார் போட்ட சட்டமோ தெரியாது, ஆனால் எல்லாரும் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தார்கள்.

ஒரு நாள் அனலூதி என்ற மந்திரவாதி சபைக்கு வந்தான். வாயைத் திறந்தாலே அனல்காற்று.

"மூன்று முறை ஊதுவேன். முடிவில் வெளுத்து நின்றால் இளவரசன் கரிப்பொடி, நாடு எனக்கு. நிறத்தோடு நின்றால் என் மூச்சே எனக்கு எமன்!" என்றான்.

அக்காள் உமையாள் செம்பியனிடம் ஓடினாள். தாயில்லாத தம்பியை வளர்த்தவள் அவள்தான்.

ஊ... ஊ... ஊ! முதல் முறை ஊதினான். நீர்க்கன்னியர் ஒருத்தி பின் ஒருத்தியாகக் கை நழுவி ஆவியாய்ப் போனார்கள். செம்பியன் சுண்ணாம்பாய் வெளுத்தான்.

உமையாள் உப்பளத்துக்கு ஓடி உப்புக்கன்னியரை அழைத்து வந்தாள். பருமனான பெண்கள், நாலு பேருக்குத்தான் இடம் இருந்தது. அவர்கள் பிடித்ததும் செம்பியன் மஞ்சளும் பச்சையுமாய் மின்னினான். சபையோர் கைதட்டினார்கள். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

ஊ... ஊ... ஊ! இரண்டாம் முறை ஊதினான். நால்வரும் போனார்கள்.

அப்போதுதான் உமையாளுக்கு உறைத்தது. சட்டத்துக்குப் பயந்து ஆளுக்கு ஒரே கையால்தான் பிடிக்கிறார்கள். அது நழுவினால் ஆளே போய்விடுகிறாள்.

"வெள்ளச்சி! மூக்கா! ஓடி வாங்க!" சமையற்காரியும் வாயிற்காவலனும் ஓடி வந்தார்கள். "ரெண்டு கையாலயும் அவனைப் பிடிங்க!"

"ஐயோ தாயி, இடக்கை படலாமா? என் தலை போயிடுமே!" என்றான் மூக்கன்.

"அவன் உசுரு போனா உன் தலையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? பிடி!"

அதற்குள் வெள்ளச்சி மாவுக்கையோடு பிடித்துவிட்டாள். மூக்கனும் உமையாளும் சேர்ந்து பிடிக்க, மூன்று பேர், ஆறு கைகள். செம்பியன் நாவற்பழ நிறத்துக்கு மாறினான்.

ஊ... ஊ... ஊ! மூன்றாம் முறை ஊதினான். உமையாளின் வலக்கை நழுவியது, இடக்கை விடவில்லை. வலக்கை திரும்பி வந்து பற்றிக்கொண்டது. மூக்கனின் இடக்கை நழுவியது, வலக்கை விடவில்லை. அதுவும் திரும்பி வந்தது. அனலூதி ஊதினான், ஊதினான், மூச்சு தீரும்வரை ஊதினான். கடைசியில் சுட்ட அப்பளம்போல் நொறுங்கி விழுந்தான்.

சொந்த நிறமில்லாத மாயம் உடைந்தது. நாவல்நிறம் செம்பியனின் உடம்பிலேயே தங்கிவிட்டது. வலக்கைச் சட்டம் அன்றே ரத்தானது. வெள்ளச்சிக்கும் மூக்கனுக்கும் ஆளுக்கொரு ஊர் கிடைத்தது. அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுப் போன பிறகும் உமையாள் மட்டும் அசையவில்லை.

"அக்கா, அனலூதி செத்துட்டான். இனி ஒண்ணும் ஆகாது. கை வலிக்கலையா?"

"வலிக்குதுடா."

"அப்போ விடேன்."

"மாட்டேன்," என்று சொல்லி உமையாள் ஓவென்று அழுதாள்.