இரவல் தொடை

வேங்கைமலைச் சமஸ்தானம் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். பாட்டென்றால் உயிரை விடுகிற ராஜாவும், அந்தப் பாட்டை வைத்தே சண்டை பிடிக்கிற வித்வான்களும் எங்கே இருந்தார்களோ, அங்கே இருந்தது. ராஜாவின் பெயர் முத்துவீர பூபதி. நல்ல ரசிகர். ஒரே ஒரு குறை, கடைசியாகப் பேசுகிறவர் சொல்வதுதான் அவருக்குச் சரியென்று படும்.

அந்த ஊரில் அபயாம்பாள் என்று ஒரு பாடகி. சபையில் உட்கார்ந்து பல்லவி பாட வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. பல்லவி என்பது ஒற்றை வரிதான். அதைத் தாளத்துக்குள் அடக்கி, மெதுவாகவும் விரைவாகவும் திருப்பித் திருப்பிப் பாடி, பிசகாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வித்வான் யார், வெறும் பாட்டுக்காரர் யார் என்பது அங்கே வெளிச்சமாகிவிடும். அந்தச் சபையில் அதுவரை எந்தப் பெண்ணும் பல்லவி பாடியதில்லை. தெரியாமல் இல்லை, விடவில்லை.

விடாதவர் ஆஸ்தான வித்வான் பஞ்சநதம் பாகவதர். நவராத்திரி முதல் நாள் அபயாம்பாள் பாடிய பதத்தில் ராஜா சொக்கிப்போய், "நாளைக்குப் பல்லவி பாடம்மா" என்று சொல்லிவிட்டார். பாகவதருக்கு அது பொறுக்கவில்லை. அவள் வீட்டு வழியாகப் போகும்போது அவள் பாடிப் பழகுகிற சாதகத்தைக் கேட்டிருக்கிறார். பாடத் தெரியாது என்று புளுக முடியாது. ஆகவே கூட்டம் கலைந்த பிறகு ராஜாவைத் தனியாகப் பிடித்தார்.

"மகாராஜா, பல்லவின்னா தொடையில தாளம் தட்டணும். ஒரு பொம்மனாட்டி சபை நடுவுல உட்கார்ந்துண்டு தொடையைத் தட்டினா, சமஸ்தானத்தோட மானம் என்னாறது?"

கடைசியாகப் பேசியவர் பாகவதர். ஆணை பிறந்துவிட்டது. சபையில் பெண்ணின் தொடையில் தாளம் விழக்கூடாது. தொடையில் தாளம் விழாமல் யாரும் பல்லவி பாடவும் கூடாது. நாளை அபயாம்பாள் பாடாவிட்டால், இனி எந்தப் பெண்ணும் பல்லவி என்று கேட்டு இந்த வாசலுக்கு வரக்கூடாது. அந்தக் கடைசி வாலையும் பாகவதரே ஒட்டவைத்தார்.

சேதி வந்ததும் அபயாம்பாள் அழுதாள். தன்னோடு போகிற காரியமென்றால் மூக்கைச் சிந்திப்போட்டு எழுந்திருப்பாள். பின்னால் வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து அல்லவா கதவைச் சாத்துகிறார், அந்த மனிதர்? ஆத்திரம் தீர அழுதுவிட்டு, வந்த சேவகனிடம் ஆணையை இன்னொரு தரம் நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொன்னாள். கேட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு தம்புராவை எடுத்துச் சுருதி சேர்க்க உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. அவள் வந்து வணங்கி உட்கார்ந்ததும் ராஜாவுக்கே சங்கடமாகிவிட்டது. ஆணை தெரியுமல்லவா என்று மெல்லக் கேட்டார்.

"தெரியும், மகாராஜா. ஓர் எழுத்துக்கூட மீற மாட்டேன். என் தொடையில் தாளம் விழாது. தொடையில் தாளம் விழாமல் பாடவும் மாட்டேன். ஒரு தொடை இரவல் கிடைத்தால் போதும்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். யாருடைய தொடை வேண்டும் என்றார் ராஜா.

"ஆணைப்படி ஆண்பிள்ளைத் தொடையாக இருக்க வேண்டும். தாளம் இம்மியும் பிசகாத தொடையாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று இங்கே இருக்கிறதா என்று மகாராஜாதான் விசாரிக்க வேண்டும்."

ராஜா வாயைத் திறப்பதற்குள் பாகவதரின் சிஷ்யர்கள் முந்திக்கொண்டார்கள். எங்கள் அண்ணா தாளத்துக்கு இந்தச் சீமையிலேயே ஈடு கிடையாது என்றார்கள். அண்ணாவே வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி ஊட்டிய பாடம் அது. இப்போது அவர் எப்படி மறுப்பார்? தவிர, உள்ளுக்குள் ஒரு கணக்கும் ஓடியது. கயிறு நம் கையில், தாளத்தில் ஒரு தட்டை விழுங்கினால் குப்புற விழுவாள். பட்டு வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

'கைவிடலாகாது வேங்கைமலை வேலா' என்று அபயாம்பாள் எடுத்தாள். முருகனை வேண்டினாளோ இல்லையோ, பார்வை பாகவதர் கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் போனதும் அவர் ஒரு தட்டை விழுங்கினார். மிருதங்கம் அபயாம்பாளோடு போனது. பாகவதர் கை மட்டும் தனியாக விழுந்தது.

"என்ன பாகவதரே, கை தப்புகிறதே?" என்றார் ராஜா.

தெரியாமல் தப்பியது என்றால் பேர் போய்விடும். தெரிந்தே தப்பவிட்டேன் என்றால் தலை போய்விடும். கொசு கடித்துவிட்டதென்று முனகினார். அதற்கப்புறம் கொசு வரவே இல்லை.

அபயாம்பாள் நிதானமாகப் பாடினாள். வேகத்தை இரட்டித்தாள். மறுபடி இரட்டித்தாள். ஸ்வரம் பாடினாள். ராகத்தை மாற்றிக்கொண்டு மறுபடி ஸ்வரம் பாடினாள். பாடுகிறவர் முடிக்காமல் தாளம் போடுகிறவர் நிறுத்தக்கூடாது. இதோ முடிக்கப்போகிறாள் என்று பாகவதர் மூச்சு விடும்போதெல்லாம், சிரித்துக்கொண்டே 'கைவிடலாகாது' என்று திரும்ப வந்தாள். ஓரிடத்தில் அவள் எங்கெங்கோ சுற்றிவந்து வரியின் தலையில் சரியாக இறங்கியபோது, பாகவதர் வாய் அவரைக் கேட்காமலே "சபாஷ்" என்றுவிட்டது. என்ன இருந்தாலும் சங்கீதக்காரர்.

ஒருவழியாக முடிந்தது. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன வேண்டுமானாலும் கேள் என்றார். ஆணையை எடுக்கச் சொல்வாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

"எனக்கு ஒன்றும் வேண்டாம், மகாராஜா. ஆணை நல்ல ஆணை, அப்படியே இருக்கட்டும். பல்லவி தெரிந்த பெண்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். நவராத்திரி முடிவதற்குள் ஒவ்வொருத்தியாக வந்து பாடுவார்கள். தாளத்துக்குத்தான் பாகவதர் சாமி இருக்கிறாரே."

பாகவதர் எழுந்திருக்கப் பார்த்தார். வலது கால் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையைக் கூப்பினார்.

"மகாராஜா, அந்த ஆணையை இப்பவே எடுத்துடுங்கோ. அவா அவா தொடையை அவா அவாளே தட்டிக்கட்டும்."

"சமஸ்தானத்தின் மானம் என்று ஏதோ சொன்னீரே?"

"மானத்தை அப்புறம் பார்த்துக்கலாம், மகாராஜா. இப்போ தொடை போயிடும்போல இருக்கு."

ராஜா தலைப்பாகை சரியச் சரியச் சிரித்தார். அன்றே ஆணை ரத்தாயிற்று. அபயாம்பாளுக்குச் சால்வையும் ஆஸ்தானப் பதவியும் கிடைத்தன. பாகவதருக்கு அரண்மனை வைத்தியரிடமிருந்து ஒரு குப்பித் தைலம் போயிற்று.