வர்னேல் துரை கொடுத்த விடை

புதுச்சேரியிலிருந்து பாளையங்களுக்குத் தூது போய்ப் பேரெடுத்து, பிறகு பாரிஸில் மந்திரியாகவே ஆனவர் வர்னேல் துரை. தலை நரைத்தபின், ஊரார் மாலை போட அழைத்ததால் திரும்பி வந்திருந்தார்.

வந்த நாளிலிருந்து ஒரு தொல்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால், எதிரே இருக்கும் காலி நாற்காலி, யாரோ உட்கார்ந்ததுபோலக் கிறீச்சிடும். பெரிய மனிதர்கள் கூடிய மதிய விருந்திலும் கிறீச்சிட்டது. முகம் வெளுத்த துரை, கூரையில் தொங்கிய பங்கா விசிறியை இழுத்துக்கொண்டிருந்த பச்சையம்மாள்மேல் பாய்ந்தார்.

"உன் சூனியம்தானே இது? விருந்து முடிவதற்குள் அதை விரட்டு. இல்லாவிட்டால் சிறைதான்!"

பச்சையம்மாள் நாற்காலியருகே போய்க் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சொன்னால் யார் விடுவார்கள்?

"கிளம்பத் தயார்தானாம், துரை. ஆனா நீங்க பேரைச் சொல்லி விடை குடுத்தாத்தான் எழுந்திருப்பாராம்."

"போய்விடு, வெள்ளியப்பா!" துரை தமிழிலேயே அலறினார். "உயிருக்கு நான் பொறுப்பு என்று அழைத்தேன். நம்பி வந்தாய். தூக்கிலிடச் சொன்னதும் நான்தான். போய்விடு!"

பாளையக்காரர் வெள்ளியப்பர் சமாதானம் பேச வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார் என்றுதான் ஊர் இத்தனை காலம் நம்பியிருந்தது. விருந்தாளிகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். மாலை தாம்பாளத்திலேயே கிடந்தது.

தப்பித்தோம் என்று பச்சையம்மாளும் வாசலுக்குத் திரும்பினாள். அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி மெல்ல நகர்ந்தது. ஈரக்காற்று ஒன்று அவளை உரசிக்கொண்டு நின்றது.

"நல்லாக் கேட்டே, தாயி" என்றது ஒரு குரல்.