பிடுங்கி வைத்த ப்ளக்

வேலப்பன் தன் மனைவி மரகதத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றை அவள் மடியில் வைத்தார். அதன் முதுகில் ப்ளக்கின் இரண்டு முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“முடிச்சுட்டேன். இருநூத்து முப்பது உள்ள போகுது, அஞ்சு வோல்ட் வெளிய வருது. குழந்தைக படுக்கிற ரூமுக்கு ராத்திரி விளக்கு. நாளைக்கு சாம்பிள் குடுக்கணும்.”

இந்த வேலையில் அவருக்கு குரு அவள்தான். லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் கையில் சால்டரிங் அயர்னைக் கொடுத்தவள்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள்.

“இத்தனை சின்னதுல எப்படி அடங்குச்சு? எதை விட்டீங்க?”

“ஒரே ஒரு ரெசிஸ்டர்.”

“எது?”

“கெபாசிட்டர்ல தங்குற சார்ஜை வடிச்சு விடுறது. அதை வெச்சா மூடி பொருந்தலை. இல்லாமலும் விளக்கு நல்லாத்தான் எரியுது.”

“எரியும். பிடுங்கின பிறகு?”

“பிடுங்கிட்டா கரண்ட் ஏது, மரகதம்?”

அவளுக்கு இருமல் வந்தது. அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

“இதை எப்பப் பிடுங்குனீங்க?”

“பஸ் ஏறுறதுக்கு முன்னால.”

அவள் ஒரு முனையில் கட்டைவிரலையும் மறுமுனையில் ஆட்காட்டி விரலையும் வைக்கப் போனாள்.

வேலப்பன் டப்பாவைப் பறித்தார்.

“பைத்தியமா உனக்கு?”

“கரண்ட் ஏதுன்னீங்க?”

அவர் டப்பாவின் இரண்டு முனைகளையும் பார்த்தார்.

“எங்கிட்ட இருந்து பறிக்க நீங்க இருந்தீங்க,” என்றாள். “அந்தக் குழந்தைகிட்ட?”

பார்வை நேரம் முடிந்துவிட்டதென்று நர்ஸ் வந்து நின்றாள்.

டப்பாவைச் சட்டைப் பையில் போடப் போனவர், கையை நிறுத்தினார். கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார்.

விடியற்காலையில் தகவல் வந்தது.

அவளை எரித்துவிட்டு வந்து ஈர வேட்டியோடு வேலை மேசை முன் உட்கார்ந்தார். வாசலில் விளக்குக் கம்பெனி ஆள் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதுங்க. முதலாளி அனுப்பிட்டார். சாம்பிள் ரெடியா?”

“இரு.”

கைக்குட்டையை அவிழ்த்தார். ப்ளக் முனைகளில் மீட்டர் கம்பிகளை வைத்தார்.

முள் எழுந்தது.

எழுபது வோல்ட் இருந்தது.