சலிப்பான ஓடைக்கரை

ஒரு காட்டில், கோடை பிறந்தால் போதும், வெயில் தாங்காத விலங்குகள் சமவெளியிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அது மலைக்காடு. குளிர்ந்த காற்றும் நிழலும் அங்கே நிறைய உண்டு.

அந்தக் காட்டின் ஓடைக்கரையில் சடைச்சி என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்தது. அது பொய் பேசத் தெரியாத முள்ளம்பன்றி. ஓடையை ஒட்டிய பாறைக்கடியில் அதற்கு மூன்று குகைகள் இருந்தன. ஒன்றில் தன் இரண்டு குட்டிகளோடு அது குடியிருந்தது. மற்ற இரண்டையும் விருந்தினருக்கு விட்டது. தங்க வருகிறவர்கள் கிழங்கும் தானியமும் கொண்டுவந்து கொடுப்பார்கள். மழைக்காலம் முழுக்க சடைச்சியின் குடும்பம் அதைத்தான் சாப்பிடும்.

காட்டுக்குள் கைபேசி வந்த பிறகு, விருந்தினரை அனுப்பும் வேலையை ஒரு நரி எடுத்துக்கொண்டது. தங்குமிடங்களையெல்லாம் கைபேசியில் பட்டியல் போட்டது அதுதான். எந்தக் குகை முதலில் தெரிய வேண்டும், எது கடைசியில் கிடக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் அதுதான். விலங்குகள் படத்தைப் பார்க்கும், நட்சத்திரத்தை எண்ணும், கிளம்பி வந்துவிடும்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் ஒரு காட்டுப்பன்றி சடைச்சியின் குகையில் தங்கிப் போனது. எதிலும் குறை காண்பது அதன் குணம். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து இப்படி எழுதியது:

"அருவி இல்லை. பாதையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, ஒரே தட்டை. காலில் குத்த ஒரு கல்கூடக் கிடையாது. ஓடைத் தண்ணீர் என் கணுக்காலைத் தாண்டவில்லை. பக்கத்தில் ஒரு சத்தமில்லை. நாள் முழுக்கக் கொட்டாவி விட்டேன். சலிப்பான இடம்."

அதைப் படித்த சடைச்சிக்கு அழுகை வந்தது. நரியிடம் ஓடியது.

"இதற்கா அழுகிறாய் தங்கச்சி?" என்று நரி சிரித்தது. "ஒரு நொடியில் அழித்துவிடுகிறேன். உன் ஓடைக்கு மேலே ஓர் அருவிப் படத்தையும் ஒட்டிவிடுகிறேன். என்னிடம் நூறு மைனாக்கள் இருக்கின்றன. 'ஆகா, அருமை!' என்று நூறும் எழுதும். பதிலுக்கு உன் குகைகளில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிடு."

"வந்து பார்க்கிறவர்கள் அருவி எங்கே என்று கேட்பார்களே, நரியண்ணா?"

"கேட்கட்டுமே! அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் உடனே திரும்பியா போவார்கள்?"

சடைச்சி தலையை அசைத்து, "வேண்டாம் அண்ணா. பன்றியண்ணன் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அது அப்படியே இருக்கட்டும்" என்றது.

வீட்டுக்கு வந்து, பன்றி எழுதியதற்குக் கீழே தானும் எழுதியது: "பன்றியண்ணன் சொன்னது உண்மை. இங்கே அருவி கிடையாது. பாதை தட்டைதான், தண்ணீர் கணுக்கால் ஆழம்தான். அருவி வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள், அது இருக்கும் பக்கம் நானே வழி காட்டுகிறேன்."

நரிக்குக் கோபம் வந்தது. சடைச்சியின் குகைகளைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிட்டது.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. ஓடைக்கரைக்கு யாரும் வரவில்லை. மழைக்குச் சேர்த்துவைக்க ஒரு கிழங்குகூட இல்லை. இனி மலையடிவாரத்து வயல்களுக்குப் போய்த்தான் பிழைக்க வேண்டும். அங்கேயோ வரப்புக்கு வரப்பு கண்ணி வைத்திருப்பார்கள். குட்டிகளை எப்படிக் கூட்டிப்போவது என்று நினைக்கும்போதே சடைச்சியின் முட்கள் சிலிர்த்தன.

அந்த நாட்களில்தான் காட்டுக்குப் புதுவிதக் கைபேசி ஒன்று வந்தது. அதில் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியதில்லை. நம் தேவையை வாயால் சொன்னால் போதும். எல்லாரும் எழுதியதையெல்லாம் தானே படித்துப் பார்த்துப் பதில் சொல்லும்.

சமவெளியில் ஒரு பெண் புள்ளிமான் இருந்தது. அதன் தாய்க்குக் கண்பார்வை போய்விட்டது. கண்ணியில் சிக்கி ஒரு காலும் ஊனம். வெயிலில் வாடிக்கொண்டிருந்த தாயை எங்கே அழைத்துப்போவது என்று மானுக்குத் தெரியவில்லை. நரியின் பட்டியலில் பார்த்த இடமெல்லாம் அருவி, பாறை, செங்குத்தான பாதை.

மான் புதுக் கைபேசியிடம் கேட்டது: "என் அம்மாவுக்குக் கண் தெரியாது. ஒரு கால் நொண்டும். சத்தம் கேட்டால் பயப்படுவாள். அவளுக்கு ஏற்ற இடம் இருக்கிறதா?"

கைபேசி தேடியது. மற்றக் குகைகளுக்கு மைனாக்கள் எழுதிய 'ஆகா, அருமை' நூற்றையும் படித்தது. அதில் மானுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் பன்றி எழுதியதைப் படித்தது. அதன் கீழே சடைச்சி எழுதியதையும் படித்தது.

"ஓர் இடம் இருக்கிறது" என்றது கைபேசி. "தட்டையான பாதை. கல் குத்தாது. ஆழமில்லாத ஓடை. அமைதியான இடம். தங்கியவர் சலிப்பு என்கிறார். நடத்துகிறவர் அதை மறுக்கவில்லை."

மூன்றாம் நாள் காலையில் மானும் தாயும் ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். குட்டிகளோடு புறப்பட நின்ற சடைச்சி, அவர்களைக் கண்டதும் திகைத்துப்போனது.

"அக்கா, கணுக்கால் ஆழத் தண்ணீர் இங்கேதானே?" என்று மான் கேட்டது.

"இங்கேதான் கண்ணு. அருவி மட்டும் இல்லை" என்றது சடைச்சி.

"எங்களுக்கு அது வேண்டாம் அக்கா!"

தாய்மான் காதை நிமிர்த்தித் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டது. மகள் பக்கத்தில் வந்து தோள் கொடுக்கப் போனாள். "விடு, நானே போகிறேன்" என்றது தாய். ஒவ்வோர் அடியாக நடந்தது. எங்கும் இடறவில்லை. ஓடைக்குள் இறங்கி நின்று, தலையைத் தாழ்த்தி, தானாகவே தண்ணீர் குடித்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு யார் துணையும் இல்லாமல் அது குடித்த தண்ணீர் அது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சடைச்சிக்கும் கண் கலங்கியது.

அதையெல்லாம் மான் கைபேசியில் எழுதியது. பிறகு சின்னஞ்சிறு குட்டிகளோடு ஒரு முயல் வந்தது. முதுகுவலிக்காரக் கரடி வந்தது. தூக்கம் தொலைத்த கீரி வந்தது. அந்தக் கோடையில் இரண்டு குகைகளும் காலியாகவே இல்லை. மழைக்கு வேண்டிய தானியமும் சேர்ந்துவிட்டது.

நரியின் பட்டியலையோ இப்போது யாரும் திறப்பதில்லை. ஒருநாள் அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, என்னிடம் ஐம்பது குகைகள் இருக்கின்றன. ஒன்றைப் பற்றியும் அந்தக் கைபேசி வாய் திறக்க மாட்டேன் என்கிறதே!"

"நீங்கள் அந்தக் குகைகளைப் பார்த்திருக்கிறீர்களா அண்ணா?"

நரி அதுவரை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாளே மைனாக்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நரி மலை ஏறப் புறப்பட்டது. முதல் குகைக்குப் போவதற்குள்ளேயே அதற்கு மூச்சு வாங்கியது. அங்கேயே உட்கார்ந்து எழுதியது: "பாதை செங்குத்து. பாறை வழுக்கும். காற்று ஆளைத் தள்ளும். எனக்குக் கால் நடுங்கியது."

அடுத்த வாரமே அந்தக் குகைக்கு, செங்குத்துப் பாறையில் ஏறுவதையே விரும்பும் இருபது வரையாடுகள் துள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தன.

நீதி: உள்ளதை உள்ளபடி சொல், ஒருவர் குறை என்பதையே இன்னொருவர் தேடிக்கொண்டிருப்பார்.