இலவம்பூ மாலையைக் கழற்றிய நீர்நாய்

ஆற்றின் இக்கரைக் காட்டில் துழாவி என்று ஒரு நீர்நாய் இருந்தது. கண்ணில் பட்ட கல்லையெல்லாம் அது புரட்டிப் பார்க்கும். நண்டு வளையைக் கண்டால் கையை விட்டுப் பார்க்கும். நண்டு கடித்துவிட்டால், எந்தக் கொடுக்கால் கடித்தது என்று தெரிந்துகொள்ள மறுபடியும் கையை விடும்! அதனால்தான் அதற்கு அந்தப் பெயர்.

துழாவியும் அதன் மூன்று குட்டிகளும் ஆனைமடுவில் குடியிருந்தன. கோடையில் ஆறு வற்றினாலும் அந்த மடு மட்டும் வற்றாது. ஆனால் கோடை மடு யாருக்கு என்பதை ஒரு பந்தாட்டம்தான் முடிவு செய்யும். சித்திரை பிறந்ததும் இக்கரைக் காடும் அக்கரைக் காடும் மணல்திட்டில் மோதும். ஜெயித்த காட்டுக்கு மடு. தோற்ற காடு கீழே கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீரோடு கோடையைத் தள்ள வேண்டும்.

இக்கரைக் காடு ஐந்து வருடமாகத் தோற்றுக்கொண்டே வந்தது. போன கோடையில் சேற்றுத் தண்ணீரில் மீன் கிடைக்காமல் துழாவியின் கடைக்குட்டி எலும்பும் தோலுமாகிவிட்டது. இன்னொரு கோடை அப்படிப் போனால் அது பிழைக்காது. துழாவிக்கு எந்நேரமும் அந்தப் பயம்தான்.

ஆட்டம் என்னவோ எளிதுதான். தூக்கணாங்குருவிகள் புல்லால் பந்து பின்னி, உள்ளே பஞ்சு அடைத்துக் கொடுக்கும். அணியில் ஒருவர் அந்தப் பந்தை எறிவார். அதே அணியின் நரி ஓடிப்போய் எல்லைக்கல்லுக்கு அப்பால் அதை வாயில் கவ்வ வேண்டும். எதிரணியின் முரடன் ஒருவன் எறிகிறவரைத் தள்ள ஓடி வருவான். பந்து கையை விட்டுப் போவதற்குள் எறிகிறவர் தரையில் விழுந்துவிட்டால் அந்த எறி போச்சு! அணிக்குப் பத்து எறி. அதிகம் கவ்விய அணிக்கு வெற்றி.

பங்குனியில் பயிற்சி தொடங்கியது. பயிற்சி கொடுத்தது ஒரு முள்ளம்பன்றி. அதை எல்லாரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அதோடு யாரும் வாதம் செய்வதில்லை. முதுகு முழுக்க முள் வைத்திருப்பவரோடு யார் நெருங்கி நின்று வாதம் செய்வது?

"இந்த வருஷம் எறியுற இடத்துக்கு ரெண்டு பேர் இருக்கீங்க. கடைசி நாள் ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பேன்" என்றது வாத்தியார்.

ஒருவர் துழாவி. இன்னொருவர் நெடுங்கையன் என்ற கருமந்தி. பெயருக்கேற்ற கை! அவன் எறிந்த பந்து எல்லைக்கல்லைத் தாண்டி, புதரைத் தாண்டி, பார்த்துக்கொண்டிருந்த மான்களையும் தாண்டிப் போகும்.

வாத்தியார் இருவர் கழுத்திலும் சிவப்பு இலவம்பூ மாலையைப் போட்டது. அது அங்கே வழக்கம். ஐந்து வருடத்துக்கு முன்பு பயிற்சியில் யாரோ தள்ளி ஒரு தேவாங்கின் கை முறிந்துபோனது. அன்றிலிருந்து, மாலை போட்டவரைப் பயிற்சியில் யாரும் தொடக்கூடாது.

பயிற்சியில் தள்ள வருகிற வேலை கட்டையன் என்ற காட்டுப்பன்றிக்கு. அது புழுதி பறக்க ஓடி வரும். மாலையைப் பார்த்ததும் மூன்றடி தள்ளி நின்றுவிடும்.

"வந்துட்டேன்!" என்று சொல்லும்.

"வா வா" என்பான் நெடுங்கையன். காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பான். தோளைச் சொறிந்துகொள்வான். பிறகு சாவகாசமாக எறிவான். நரி அழகாகக் கவ்வும். காடே கைதட்டும்.

துழாவியும் எறிந்தது. அதன் கை குட்டை. பத்துக்கு ஏழு, எட்டு என்றுதான் வந்தது. ஆனால் அதன் மனம் பந்தில் இல்லை. 'போன வருஷம் எறிந்த மலை அணிலும் பயிற்சியில் பத்துக்குப் பத்து எறிந்ததே! ஆட்டத்தன்று ஏன் ஒன்றுகூடப் போகவில்லை?' இதுதான் அதைக் குடைந்தது.

துழாவி ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டது. மலை அணில், "வெயில் கண்ணைக் கூசுச்சு" என்றது. நரி, "பந்து ஈரம்" என்றது. மான்களோ, "மணல் சரியில்ல!" என்றன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! ஐந்து வருடத்துக்கு ஐந்து காரணம் வைத்திருந்தார்கள்.

கடைசியில் துழாவி கட்டையனிடம் வந்தது. அது கோரைக்கிழங்கு தோண்டித் தின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, ஓடி வந்து ஏன் நின்னுடுறீங்க?"

"மாலை இருக்குல்ல தாயி!"

"அக்கரையில தள்ள வர்றது யாரு?"

"ஒரு கரடி. பாறை மாதிரி இருக்கும்."

"அது எங்க வந்து நிக்கும்?"

கட்டையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எதுக்கு நிக்கணும்? எதிர்ல இருக்கிறவனை மல்லாக்கத் தள்ளுறதுதானே அதோட வேலை!"

"அப்போ ஆட்டத்தன்னைக்கு எறியுறவங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?"

கட்டையன் கிழங்கை மெல்வதை நிறுத்தியது. "அது... யாரும் எண்ணிப் பார்த்ததில்லையே!" என்றது.

துழாவி கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிப் புதர் மேல் போட்டது. "இப்ப எண்ணிப் பாத்துடலாம். நிக்காம வாங்கண்ணே!"

"வேணாம் தாயி! வாத்தியார் என்னைக் குத்தியே கொன்னுடுவார்!"

"நான் பாத்துக்கிறேன். வாங்க!"

கட்டையன் தயங்கித் தயங்கிப் பின்னால் போனது. பிறகு ஓடி வந்தது. துழாவி எண்ணத் தொடங்கியது. "ஒண்ணு... ரெண்டு..." மூன்று வரவில்லை! வானம் காலுக்கடியில் போனது. வாய் நிறைய மணல்.

துழாவி மணலைத் துப்பிவிட்டு எழுந்தது. விலா வலித்தது. ஆனால் கண் மின்னியது. "ரெண்டுதான்! நெடுங்கையன் எட்டு எண்ணுற வரைக்கும் நிக்கிறான் அண்ணே! இன்னொரு தடவை வாங்க!"

தினமும் பயிற்சி முடிந்ததும் இருவரும் மணல்திட்டில் தங்கிவிடுவார்கள். விழுந்து விழுந்து துழாவி பல விஷயம் தெரிந்துகொண்டது. பன்றி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் நரி போன இடம் தெரிவதில்லை. எதிர்த்து நின்றால் வலி அதிகம். வெள்ளத்தில் விழுந்தால் தண்ணீரோடு போவதுபோல, தள்ளுகிற பக்கமே சாய்ந்தால் தரையைத் தொட ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த ஒரு நொடிக்குள் பந்தை எறிந்துவிடலாம்!

நான்காம் நாள் வாத்தியார் பார்த்துவிட்டது. முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றன.

"மாலை எங்க? கை முறிஞ்சா யார் பொறுப்பு?"

"வாத்தியாரே, கரடி மாலையைப் பாத்து நிக்குமா?" என்று துழாவி கேட்டது.

"எதிர்க்கேள்வி கேக்காதே! வழக்கம்னா வழக்கம்தான்!" என்றது வாத்தியார். ஆனால் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது. அதற்கும் அந்தக் கேள்வி உறுத்தியிருக்க வேண்டும். ஐந்து வருடம் தோற்ற வாத்தியார் அதை எப்படி ஒப்புக்கொள்ளும்?

நெடுங்கையன் கிளையில் உட்கார்ந்து சிரித்தான். "ஏ துழாவி! எறியப் பழகச் சொன்னா விழப் பழகுறியே!"

"நீயும் ஒரு தடவை விழுந்துதான் பாரேன். எப்படி இருக்குன்னு தெரிய வேணாமா?"

"எனக்கு எதுக்கு? என்னைத்தான் யாரும் தொட்டதே இல்லையே!"

கடைசி நாள் வந்தது. உடம்பெல்லாம் சிராய்ப்போடு துழாவி எறிந்தது. பத்துக்கு ஆறு. பூமாலை அசைய நெடுங்கையன் எறிந்தான். பத்துக்குப் பத்து! காடு கூச்சலிட்டது.

"நெடுங்கையன்தான் எறிவான்! துழாவி மாற்று ஆள்!" என்று வாத்தியார் அறிவித்தது.

துழாவிக்கு இடம் போனதைவிடக் கடைக்குட்டியின் ஒட்டிய வயிறுதான் கண்ணில் நின்றது. "இந்தக் கோடை மடு நமக்குத்தானேம்மா?" என்று குட்டி கேட்டபோது துழாவி அதை இறுக அணைத்துக்கொண்டது.

சித்திரை பிறந்தது. இரண்டு காடும் மணல்திட்டில் கூடின. அக்கரையார் முதலில் எறிந்தார்கள். கட்டையன் உயிரைக் கொடுத்துத் தள்ளியது. பத்துக்கு மூன்றுதான் அவர்களுக்குக் கிடைத்தது.

"மூணு தானே! நான் நாலே எறியில முடிச்சுக்காட்டுறேன்" என்று நெடுங்கையன் களத்தில் இறங்கினான். கழுத்தில் அதே இலவம்பூ மாலை! ஆட்டத்துக்கு மாலை போடுகிற வழக்கமே இல்லை. ஆனால், "இது போட்டாத்தான் எனக்குக் கை வரும்" என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

கரடி ஓடி வந்தது. நெடுங்கையன் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான்.

"மாலை! மாலை! மாலை தெரியலையா உனக்கு?"

கரடிக்கு மாலை நன்றாகவே தெரிந்தது. அவனை மல்லாக்கத் தள்ளிவிட்டு, மேலே உட்கார்ந்து, மாலையிலிருந்து நாலு பூவைப் பிய்த்துத் தின்றது. "நல்லா இனிக்குது!" என்றது.

இரண்டாம் எறிக்கு நெடுங்கையன் கரடியையே பார்த்துக்கொண்டிருந்தான். நரி எங்கோ நின்று கத்தியது அவன் காதில் விழவில்லை. மூன்றாம் எறிக்குக் கண்ணை மூடிக்கொண்டான். நான்காம் எறிக்குக் கரடி கிளம்பும் முன்பே பந்தைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறிவிட்டான்! ஏட்டுச் சுரைக்காய் எந்தக் கறிக்கு உதவியிருக்கிறது?

வாத்தியார் மெல்லத் துழாவியிடம் வந்தது. முள்ளெல்லாம் படுத்துக் கிடந்தன. "போறியாம்மா? இன்னும் ஆறு எறி இருக்கு" என்றது.

துழாவி போனது. கரடி வந்தது. ஒன்று, இரண்டு எண்ணும் முன்பே துழாவி தரையில் கிடந்தது. கரடி பன்றியைவிட வேகம்! 'ஓ, ஒன்றரைதானா!' என்று நினைத்தபடி துழாவி எழுந்தது.

அடுத்த எறியில் ஒன்று எண்ணியதும் சாய்ந்தது. சாய்ந்தபடியே எறிந்தது. நரி கவ்வியது! அதற்கடுத்ததையும் கவ்வியது. அதற்கு அடுத்ததை நரி வாயிலிருந்து நழுவவிட்டது. துழாவியின் ஐந்தாவது எறியைக் கவ்வியது. மூன்றுக்கு மூன்று! மிச்சம் ஒரே ஒரு எறி.

கரடி யோசித்தது. தள்ளினால்தானே இது விழுந்துகொண்டே எறிகிறது? இந்தத் தடவை அது தள்ளவில்லை. ஓடி வந்து துழாவியின் வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிவிட்டது. இனி மெல்லத் தரையில் வைத்தால் போதும்!

துழாவிக்கு உலகமே தலைகீழாகத் தெரிந்தது. இப்படி அது ஒருநாளும் பழகியதில்லை. ஆனால் திடீரென்று நிலை தவறுவது அதற்குப் புதிதும் இல்லை. பயப்பட வேண்டிய நேரத்தில் நரியைத் தேடியது. 'தலைகீழாகப் பார்த்தால் நரி வானத்தில் ஓடுகிறதே!' என்று வியந்தது. இன்னும் தரையைத் தொடவில்லை. கையை வீசி எறிந்தது.

பந்து எல்லைக்கல்லைத் தாண்டியது. நரி எகிறிக் கவ்வியது!

காடு ஆர்ப்பரித்தது. கரடி வாலை விட்டது. துழாவி தலைகுப்புற விழுந்து, எழுந்து, நேரே ஆனைமடுவுக்கு ஓடியது. அங்கே அதன் கடைக்குட்டி அந்தக் கோடையின் முதல் மீனைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அழுதேவிட்டது.

மறுநாள் காலை கட்டையன் வழக்கம்போலக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. நெடுங்கையன் மரத்திலிருந்து இறங்கி வந்தான். கழுத்து வெறுமையாக இருந்தது.

"பன்றியண்ணே, என்னை ஒரு தடவை தள்ளுங்க."

"மெதுவாவா?"

நெடுங்கையன் எச்சில் விழுங்கினான். "இல்ல. கரடி தள்ளுன மாதிரி."

கட்டையன் பின்னால் போய் ஓடி வந்தது. நெடுங்கையன் நாலு குட்டிக்கரணம் போட்டு விழுந்தான். வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு, "இன்னொரு தடவை!" என்றான்.

யாரும் தொடாத இடத்தில் காட்டும் திறமை பாதித் திறமைதான். விழுந்தால் என்ன ஆகும் என்று முன்பே விழுந்து பார்த்துத் தெரிந்துகொண்டவரே ஆபத்தில் நிலைத்து நிற்பார்.