பத்துக்கு அஞ்சு

பாளையங்கோட்டை ரெஜினா டீச்சருக்குச் சீடர் என்று ஒரே ஒருத்தர்தான். அவரும் டீச்சரைவிட ஐந்து வயது மூத்தவர். நல்லசிவம் என்று பேர். தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க். பதினோரு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து, டீச்சரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, ஈயம் உருக்கி வயர் ஒட்டக் கற்றுக்கொண்டிருந்தார். இன்னும் ஒழுங்காக ஒட்ட வராது. விரல் மட்டும் நாலைந்து தடவை வெந்திருக்கிறது.

டீச்சர் பாலிடெக்னிக்கில் இருபத்திரண்டு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் நடத்தியவர். கத்திக் கத்தித் தொண்டை போய், வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறதே, அந்தப் பெட்டி. தொண்டை போனதால் ஒரு வார்த்தையில் முடிகிறதை ரெண்டு வார்த்தையில் சொல்ல மாட்டார். அதுவே அவருக்கு ஞானி என்று ஒரு பேரை வாங்கிக் கொடுத்துவிட்டது, பாவம்.

நாகர்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வருகிற அத்தனை பேரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இந்த ஆம்ப்ளிஃபயருக்கும் அந்த ஆம்ப்ளிஃபயருக்கும் சத்தத்தில் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா, இல்லை எல்லாம் மனப்பிராந்தியா? கேட்டுக் கேட்டு டீச்சருக்கு அலுத்துவிட்டது. ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்துகொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை நல்லசிவம் ஆட்டோவில் வந்து இறங்கினார். மூன்று ஆம்ப்ளிஃபயர், ரெண்டு ஸ்பீக்கர், கட்டைவிரல் தடிமனில் ஒரு மூட்டை வயர். ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே கொண்டுவந்து வைப்பதற்குள் மனுஷனுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன சார், வீட்டக் காலி பண்ணிட்டீங்களா?"

"காலிதான் டீச்சர். நீங்களே வச்சுக்கோங்க. யாருக்காவது ஆகும்."

"ஏன்?"

"எனக்கு இனிமே பாட்டே வேண்டாம்."

டீச்சர் ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். நல்லசிவம் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதுகு தானாக வளைந்துவிட்டது.

சங்கதி என்னவென்று டீச்சருக்கு ஓரளவு தெரியும். ஊருக்கே ஓரளவு தெரியும்.

நல்லசிவத்துக்கு ஒரு சேக்காளி, காஜா மைதீன். மேலப்பாளையத்தில் மரக்கடை. முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நல்லசிவம் வீட்டுக்கு வந்துவிடுவார். ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரெக்கார்டு கேட்பார்கள். ஒரு பக்கம் ஓடி முடிகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம். முடிந்ததோ இல்லையோ, சண்டை ஆரம்பித்துவிடும். நல்லசிவம் ஆம்ப்ளிஃபயருக்கு ஆம்ப்ளிஃபயர் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் என்பார். காஜா, "எல்லாம் ஒண்ணுதான்வே, பெட்டி கலர்தான் வேற" என்பார். இடியாப்பமும் சொதியும் ஆறிப்போகும். நல்லசிவத்தின் சம்சாரம் ரெண்டு பேரையும் சேர்த்து வைது தட்டை வைப்பாள். காஜாவுக்குத் தாளம் சுட்டுப் போட்டாலும் வராது. ஆனால் பாட்டு ஓடுகிற நேரமெல்லாம் தொடையில் தப்புத் தப்பாகத் தட்டிக்கொண்டே இருப்பார். அதையும் நல்லசிவம் முப்பது வருஷம் பொறுத்துக்கொண்டார்.

போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சு முற்றிப்போய், பரீட்சை வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவானது. காஜா டீச்சரிடம் மீட்டரை இரவல் வாங்கி வந்தார். ரெண்டு ஆம்ப்ளிஃபயரை மேஜையில் வைத்து முன்னால் ஒரு போர்வையைக் கட்டினார். மீட்டரை வைத்து ரெண்டின் சத்தத்தையும் அச்சுப் பிசகாமல் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். அங்கேதான் இருக்கிறது விஷயம். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் அது. ஒரு பெட்டி ஒரு இம்மி கூடுதலாக ஒலித்தால் போதும், காது அதைச் சத்தம் கூட என்று சொல்லாது. தெளிவு கூட, இனிமை கூட என்று கதைவிடும்.

காஜா போர்வைக்குப் பின்னால் நின்று பத்துத் தடவை மாற்றி மாற்றிப் போட்டார். நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். எட்டாவது தடவை, "ஆகா, இதுதான்வே நம்ம பெட்டி! பாடுறவரு மூச்சு இழுக்கது கூடக் கேக்கு" என்று தொடையைத் தட்டினார். அது அவர் தகரம் தகரம் என்று வைதுகொண்டிருந்த பெட்டி.

காஜா தலையை வெளியே நீட்டிச் சிரித்தார். "பத்துக்கு அஞ்சு. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லிருந்தாலும் இதே மார்க்குதான்வே."

அந்தச் சிரிப்புதான் நல்லசிவத்துக்குப் பொறுக்கவில்லை.

"நீரு மாத்தவே இல்ல," என்றார். "போர்வைக்குள்ள நின்னு திருட்டுத்தனம் பண்ணிட்டீரு."

காஜா மைதீன் கடையில் மரம் வாங்குகிறவர்கள், அவர் அளந்து சொன்னால் மறு அளவு பார்க்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட மனுஷன். அவர் மீட்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். போனவர் போனவர்தான். எட்டு மாசம் ஆகிறது.

"இப்ப என்ன கோளாறு?" என்றார் டீச்சர்.

"சத்தம் செத்துக் கிடக்கு டீச்சர். பழைய ஆம்ப்ளிஃபயர்ல ஏதோ போயிருச்சுன்னு ஒண்ணு புதுசு வாங்கினேன். அதுவும் செத்துக் கிடக்கு. இன்னொண்ணு வாங்கினேன். வயரு மாத்தினேன். ஸ்பீக்கரைச் சுவத்தை விட்டுத் தள்ளி வச்சேன், பிறகு பக்கத்துல வச்சேன். என்னத்த வச்சும் ஒண்ணும் விளங்கல. பாட்டு அதுபாட்டுக்கு ஓடுது, நான் எம்பாட்டுக்கு உக்காந்திருக்கேன். வீட்டுல சொல்லுதா, பாட்டு கேக்க மூஞ்சியா இது, பல்லு பிடுங்க உக்காந்த மாதிரி இருக்குன்னு."

டீச்சர் வயர் மூட்டையை விரலால் நெருடிப் பார்த்தார்.

"எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்க. பதினோரு வருஷம் உங்க முன்னால உக்காந்திருக்கேன், ஒரு நாளும் இதுக்கு நீங்க பதில் சொன்னதில்ல. வித்தியாசம் இருக்கா, இல்லையா? இருக்குன்னு நீங்க சொன்னா, நேரா மரக்கடைக்குப் போயி அவரு முகத்துக்கு நேரா சொல்லிட்டு வாறேன். இல்லைன்னு சொன்னா, எல்லாத்தையும் இங்கயே போட்டுட்டுப் போறேன். இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்."

மரக்கடைக்குப் போகிறதைப் பற்றிப் பேசுவது லேசு. இதற்குள் ரெண்டு தடவை அவர் ஸ்கூட்டரை மேலப்பாளையம் வரை விட்டிருக்கிறார். கடை முனை வந்ததும் பெட்ரோல் போட வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

டீச்சர் பெருமூச்சு விட்டு எழுந்தார். நல்லசிவத்தின் பெட்டிகளில் நல்லதாக ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். ஸ்பீக்கரை மாட்டினார். அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய சேலைத்துணி மூடிக் கிடந்த ஒரு பெட்டியிலிருந்தும் வயரை இழுத்துவந்து மாட்டினார். மீட்டரை வைத்து ரெண்டின் சத்தத்தையும் சரிபார்த்தார். ஒரு நாதஸ்வர ரெக்கார்டைச் சுழல விட்டார்.

"கேளுங்க."

நல்லசிவம் கேட்டார்.

டீச்சர் மாற்றினார். "இது?"

"இதுவும் அதேதான்."

மாற்றினார். "இது?"

"அதேதான் டீச்சர். எல்லாம் செத்துதான் கிடக்கு."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

"என்னத்த நல்லாக் கேக்க? ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. முப்பது வருஷமாக யார் சொல்லியும் ஒத்துக்கொள்ளாததை ஒரு மனுஷன் கொட்டாவி விடுகிற மாதிரி சொல்லிவிட்டார். அதில் அவமானம்கூடப் படவில்லை. அதற்குக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

"அப்ப பாய் சொன்னதுதான் சரி," என்றார். "அவரு ஒழுங்காத்தான் மாத்தியிருக்காரு. நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். முப்பது வருஷப் பழக்கத்தைத் திருட்டுத்தனம்னு சொல்லிட்டேன் டீச்சர்."

டீச்சர் ரெக்கார்டை நிறுத்தினார். குனிந்து சேலைத்துணியை எடுத்தார்.

கறுப்புப் பெட்டி. மேல்மூடியில் டீ டம்ளர் வைத்து வைத்து விழுந்த வட்ட வட்டத் தடம். "பெட்டி மேல டம்ளர் வைக்காதீரும்வே" என்று காஜா வீட்டுக்குப் போனபோதெல்லாம் எத்தனை தடவை வைதிருப்பார் நல்லசிவம்! பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இது பாயோடதுல்லா?"

"ஆமா."

"இதுக்கு என்ன வந்துச்சு?"

டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி கொண்டுவருகிறவர்களிடம் ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொண்டை கிடையாது. அதனால் என்ன கோளாறு என்று அவரவர் கையாலேயே சீட்டில் எழுதிப் பெட்டியில் கட்டிவிட வேண்டும். காஜாவின் பெட்டியில் மூன்று சீட்டு கட்டியிருந்தது. டீச்சர் பெட்டியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். நல்லசிவம் கண்ணாடியை எடுத்து மாட்டினார். மரக்கடை ரசீதில் முப்பது வருஷமாகப் பார்த்த அதே சாய்ந்த கையெழுத்து.

முதல் சீட்டு வைகாசியில் எழுதியது. "சத்தம் மந்தமாக இருக்கிறது. பார்க்கவும்."

ரெண்டாவது ஆடி. "கோளாறு இல்லை என்று திருப்பிக் கொடுத்தீர்கள். இருக்கிறது. பாட்டு முன்னே மாதிரி இல்லை. தயவுசெய்து நன்றாகப் பார்க்கவும்."

மூன்றாவது போன வாரம். "ஆம்ப்ளிஃபயரில் வித்தியாசமே கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். ஆனாலும் டீச்சர், வித்தியாசம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகமாகத் தெரிகிறது."

நல்லசிவம் மூன்றாவது சீட்டை ரெண்டு தடவை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"பாவி மனுஷன்," என்றார். "எப்படி எழுதி வச்சிருக்காரு பாருங்க."

டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தார். வெளியே பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"மூணு தடவையும் தொறந்து பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன்."

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

டீச்சர் காஜாவின் பெட்டியைத் தூக்கினார். கனமான பெட்டி. அதைக் கொண்டுவந்து நல்லசிவத்தின் மடியில் வைத்தார். நல்லசிவம் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாத்து முடிச்சாச்சு. நீங்களே கொண்டுபோய்க் குடுத்துருங்க."

"நானா?"

"ஆமா."

"என்ன சொல்லிக் குடுக்க?"

"பெட்டி நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

"அவரு நம்பணுமே டீச்சர். நீங்க மூணு தடவ சொல்லியே நம்பலையே."

டீச்சர் மேஜை விளக்கை அணைத்தார்.

"நீங்க கொண்டுபோய்ச் சொன்னா நம்புவாரு."